புழுவெட்டும் வைட்டமின் மாத்திரையும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடலின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வடை பாயசத்தோடு சாப்பாடு போட்டுவிட்டு, உடனே ஒரு டாக்டரைப் பேசச் சொல்வது செயலாளரின் பழைய குறும்பு. "சுருக்கமாகப் பேசு, எல்லாருக்கும் பயன்படுகிற மாதிரி பேசு, தலைமுடியைப் பற்றிப் பேசு" என்று மூன்று நிபந்தனை போட்டார். மேடையிலிருந்து பார்க்கிறேன். தலைமுடியைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் இங்கே அதிகம் இல்லை. கவலைப்பட மிச்சம் இல்லாதவர்கள்தான் அதிகம். நானும் அந்தக் கட்சிதான். ஆகவே நம்மைப் பற்றி இன்று பேசப் போவதில்லை. நம் பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசப் போகிறேன்.

போன கூடலில் நடந்தது இது. கை கழுவுகிற இடத்தில் நம் பழைய நண்பர் ஒருவர் என்னைத் தனியாக அழைத்தார். பெயர் சொல்லமாட்டேன், அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன். பேத்திக்கு ஒன்பது வயது. தலைக்கு எண்ணெய் தேய்க்கும்போது அவள் அம்மா பார்த்திருக்கிறாள். காதுக்குப் பின்னால் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு முடியே இல்லாமல் வழவழவென்று ஓர் இடம். நண்பர் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் காட்டினார். ஐந்து மாத்திரை, டானிக்குகளின் பெயர்கள். ஒன்று மெடிக்கல் ஷாப்பில் கொடுத்தது, ஒன்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது, ஒன்று துபாயிலிருந்து மாப்பிள்ளை அனுப்பியது. "எந்த வைட்டமின் குறைச்சலால இது வந்துச்சு? எதைக் கொடுத்தா சரியாகும்? அதை மட்டும் சொல்லிடு, போதும்" என்றார்.

கை ஈரம் காய்வதற்குள் பதில் சொல்ல முடியாத கேள்வி. அதனால்தான் இந்த மேடை.

புழுவும் இல்லை, வெட்டும் இல்லை

நம் பக்கத்தில் இதைப் புழுவெட்டு என்கிறோம். பூச்சி கடித்தது என்றும் சொல்வார்கள். மருத்துவத்தில் இதன் பெயர் அலோபீசியா ஏரியேட்டா. புழுவும் கிடையாது, பூச்சியும் கிடையாது. அந்த இடத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் தோல் ஆரோக்கியமாகவே இருக்கும். ஓரத்தில் மட்டும் சில குட்டை முடிகள், மேலே பருத்தும் கீழே மெலிந்தும் ஆச்சரியக்குறி போல நிற்கும். சிலருக்கு நகத்தில் ஊசியால் குத்தியதுபோல் சிறுசிறு குழிகள் இருக்கும்.

அரிப்பு, செதில், சீழ் இருந்தால் அது வேறு. குழந்தைகளுக்குத் தலையில் வருகிற படர்தாமரை பூஞ்சையால் வருவது. அதற்கு மருந்தே வேறு. இரண்டையும் குழப்பிக் கொண்டு வீட்டிலேயே வைத்தியம் பார்ப்பதுதான் முதல் தவறு.

புழுவெட்டில் நடப்பது என்ன? நம் உடம்பில் வெள்ளணுக்கள் என்று ஒரு காவல்படை இருக்கிறது. கிருமி நுழைந்தால் பிடித்து அடிப்பது அதன் வேலை. மயிர்க்காலின் அடிப்பகுதி சாதாரணமாக இந்தக் காவல்படை எட்டிப் பார்க்காத இடம். அதற்கென்று இயற்கை ஒரு திரை போட்டிருக்கிறது. ஏதோ காரணத்தால் அந்தத் திரை விலகிவிட்டால், காவல்காரர்கள் சொந்த வீட்டுக்காரனையே திருடன் என்று நினைத்து அடிக்க ஆரம்பிக்கிறார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் மயிர்க்காலைச் சுற்றி வெள்ளணுக்கள் தேனீக்கூட்டம் போல மொய்த்துக் கிடக்கும். இப்படி உடம்பே உடம்பைத் தாக்குவதைத் தன்னுடல் தாக்குநோய் என்கிறோம். தைராய்டு நோயில் ஒரு வகை, வெண்புள்ளி, முடக்குவாதம், சிறுவயதில் வருகிற சர்க்கரை நோய் எல்லாம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

இது ஊகம் அல்ல. அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆஞ்செலா கிறிஸ்டியானோ என்ற மரபணு விஞ்ஞானி இருக்கிறார். அவருக்கே இந்த நோய் வந்தது. 2010-ல் அவருடைய குழுவினர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்தார்கள். முடியோடு சம்பந்தப்பட்ட மரபணுக்களைவிட, எதிர்ப்புச் சக்தியோடு சம்பந்தப்பட்ட மரபணுக்கள்தான் வலையில் அதிகம் விழுந்தன.

நூறு பேரில் ஏறத்தாழ இரண்டு பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இது வருகிறது. அபூர்வம் இல்லை. ஒட்டுவாரொட்டியும் இல்லை. அந்தப் பிள்ளையின் சீப்பை ஒளித்து வைக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் தனியாக உட்கார வைக்க வேண்டியதும் இல்லை.

இன்னொரு நல்ல செய்தி. இந்த நோயில் மயிர்க்கால் சாவதில்லை, வேலையை நிறுத்தி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஒன்றிரண்டு சிறிய வட்டங்கள் மட்டும் உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஒரு வருடத்துக்குள் வைத்தியமே இல்லாமல் முடி திரும்பி வருகிறது. இதை மனதில் குறித்துக் கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மில் நிற்பது இரண்டு விதம்

தஞ்சாவூர்ப் பக்கத்து நண்பர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். ஒரு அரிசி மில் நின்றுவிட்டது. நெல் வரத்து இல்லாமல் நிற்கலாம். நெல் மலையாகக் குவிந்திருந்தும், ஆட்கள் உள்ளே புகுந்து மெஷினை நிறுத்திவிட்டதால் நிற்கலாம். முதல் விதத்துக்கு நெல் அனுப்பினால் மில் ஓடும். இரண்டாவது விதத்துக்கு வாசலில் எத்தனை லாரி நெல்லை இறக்கினாலும் ஓடாது. உள்ளே இருக்கிறவர்களை வெளியேற்ற வேண்டும்.

டைபாய்டு, டெங்குக் காய்ச்சலுக்குப் பிறகு, பிரசவத்துக்குப் பிறகு, பட்டினி கிடந்து உடம்பு இளைத்த பிறகு, இரண்டு மூன்று மாதம் கழித்துத் தலை முழுவதும் முடி கொத்துக் கொத்தாக உதிருமே, அது நெல் வரத்து குறைந்த மில். 2020, 2021-ல் கொரோனாவுக்குப் பிறகு எத்தனை பேர் சீப்பைத் தூக்கிக் கொண்டு வந்தார்கள் தெரியுமா? அவர்களுக்குச் சத்துணவும், குறைந்த சத்தை ஈடு செய்வதும் நிச்சயம் உதவும். புழுவெட்டு ஆட்கள் புகுந்த மில். இந்த வித்தியாசத்தைப் புரிந்து கொண்டால் பாதிக் காசு மிச்சம்.

அப்படியானால் வைட்டமினுக்கும் புழுவெட்டுக்கும் சம்பந்தமே இல்லையா? அங்கேதான் விஷயம் கொஞ்சம் சிக்கலாகிறது. சில சத்துக்கள் மயிர்க்காலுக்கு உணவு மட்டுமல்ல, காவல்படையைக் கட்டுப்பாட்டில் வைப்பதிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வைட்டமின் டி

புழுவெட்டு உள்ளவர்களின் ரத்தத்தில் வைட்டமின் டி மற்றவர்களைவிடக் குறைவாக இருப்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வைட்டமின் டி எதிர்ப்புச் சக்தியை நிதானப்படுத்தும் என்பதும் உண்மை. உடனே எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள்: டி குறைந்ததால் முடி போயிற்று, டி கொடுத்தால் முடி வரும்.

நம் தர்க்கவியல் பேராசிரியர் இருந்திருந்தால் சாக்பீஸைத் தூக்கி எறிந்திருப்பார். தலையில் வழுக்கை விழுந்த பெண் என்ன செய்கிறாள்? முக்காடு போட்டுக் கொள்கிறாள், வெளியே வருவதில்லை, வெயிலே படுவதில்லை. டி குறையாமல் என்ன செய்யும்? எது முன்னால், எது பின்னால்? உடம்பில் அழற்சி இருந்தாலும் ரத்தத்தில் இதன் அளவு இறங்கும். அமெரிக்காவில் செவிலியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. அதிலிருந்து 2016-ல் வெளிவந்த கணக்குப்படி, வைட்டமின் டி குறைவாக எடுத்துக் கொண்டவர்களுக்குப் பின்னாளில் புழுவெட்டு அதிகம் வந்ததாகத் தெரியவில்லை.

இன்னொரு வேடிக்கை. வைட்டமின் டி-யைப் பிடித்துக் கொள்கிற புரதமே பிறவியில் பழுதாகிப் போன சில குழந்தைகளுக்கு எலும்பு வளைவதோடு தலைமுடியும் போய்விடும். ஆனால் சாதாரணமாக வெயிலும் உணவும் இல்லாமல் எலும்பு வளைந்த குழந்தைகளுக்கு முடி அப்படிப் போவதில்லை. ஆக மயிர்க்காலுக்கு வேண்டியது அந்தப் புரதம். வைட்டமினைக் கொட்டிக் கொட்டிக் கொடுப்பதால் முடி அதே அளவு வளரும் என்று கணக்குப் போட முடியாது.

என் வழக்கம் இதுதான். ஒரு தடவை ரத்தத்தில் பார்ப்பேன். குறைவாக இருந்தால் ஈடு செய்வேன். எலும்புக்கும் நல்லது, நஷ்டமில்லை. ஆனால் 60,000 யூனிட் மருந்து வாரத்துக்கு ஒன்று; தினம் ஒன்று அல்ல. "வாரம்" என்று எழுதியதைக் கவனிக்காமல் தினமும் சாப்பிட்டு, சுண்ணாம்புச் சத்து ஏறி, வாந்தியும் மயக்கமுமாக வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சிறுநீரகம் கெட்டுப் போகிற விவகாரம் அது.

துத்தநாகம்

மாத்திரை அட்டையில் ஜிங்க் என்று இருக்குமே, அதுதான். துத்தநாகம் உண்மையிலேயே இல்லாமல் போனால் முடி கொட்டும்; வாயைச் சுற்றிப் புண் வரும்; பேதியாகும். குடல் துத்தநாகத்தை உறிஞ்ச முடியாத பிறவி நோய் ஒன்று உண்டு. அந்தக் குழந்தைக்குத் துத்தநாகம் கொடுத்தால் சில நாளிலேயே தெளிந்துவிடும். டாக்டர்கள் மகிழ்ச்சியில் துள்ளுகிற அபூர்வமான சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

புழுவெட்டிலும் ரத்தத் துத்தநாகம் குறைந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. கொடுத்துப் பார்த்தவர்கள் கதை வேறு. 1981-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வில், நிஜ மாத்திரை யாருக்கு, வெறும் மாத்திரை யாருக்கு என்று டாக்டருக்கும் தெரியாமல் நோயாளிக்கும் தெரியாமல் கொடுத்தார்கள். வித்தியாசம் இல்லை. 2009-ல் கொரியாவில் துத்தநாகம் குறைந்திருந்த 15 பேருக்கு மட்டும் தினம் 50 மில்லிகிராம் வீதம் 12 வாரம் கொடுத்ததில் 9 பேருக்கு முடி வந்தது. நல்ல செய்திதான். ஆனால் மருந்து கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்க்க ஆள் வைக்கவில்லை. தானாகவே பாதிப் பேருக்கு வரும் என்று குறித்துக் கொள்ளச் சொன்னேனே, இப்போது அதை எடுத்துப் பாருங்கள். ஒன்பது பேரில் எத்தனை பேர் துத்தநாகத்தால், எத்தனை பேர் தானாக? சொல்ல முடியாது.

ஆகவே குறைவு இருந்தால் மட்டும், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும். நம் நாட்டுக் கணக்குப்படி ஆணுக்குத் தினம் 17 மில்லிகிராம், பெண்ணுக்கு 13.2 மில்லிகிராம் போதும். அதற்கு மேல் மாதக்கணக்கில் விழுங்கினால் துத்தநாகம் தாமிரத்தை உடம்பில் சேரவிடாது. தாமிரம் குறைந்தால் ரத்தசோகை வரும், கால் மரத்துப் போகும். முடிக்காகச் சாப்பிட்ட மாத்திரை காலை வாரிவிடும்.

இரும்பும் பி-12-ம்

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆகவே முடி உதிர்கிறது என்று எந்தப் பெண் வந்தாலும் ஹீமோகுளோபினும், இரும்பின் சேமிப்பைக் காட்டுகிற ஃபெரிட்டினும் பார்ப்பது நியாயமே. குறைந்திருந்தால் கட்டாயம் சரி செய்ய வேண்டும். அது அவளுடைய இதயத்துக்கும் உழைப்புக்கும், நாளைக்கு அவள் பெறப்போகும் குழந்தைக்கும் வேண்டியது. ஆனால் இரும்பு ஏறிவிட்டால் புழுவெட்டு ஆறும் என்று வாக்குக் கொடுக்க ஆதாரம் இல்லை. உடம்பில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் உண்மை நிலையைவிடக் கூடுதலாகக் காட்டும். எண்ணை மட்டும் பார்த்துத் திருப்திப்படவும் கூடாது.

பி-12 சைவ உணவுக்காரர்களுக்கும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கும் குறையும். இந்த இரண்டு கூட்டத்தாரும் இந்த மண்டபத்தில் நிறைய உண்டு. வயிற்றில் பி-12 சேராமல் செய்கிற தன்னுடல் தாக்குநோய் ஒன்றும் இருக்கிறது. அதனால் பார்ப்பதில் தவறில்லை. குறைவு இல்லாதவருக்குத் தொடர்ந்து ஊசி போடுவதில் பயனும் இல்லை.

செலினியம்: அமுதமும் நஞ்சும்

அளவுக்கு மிஞ்சினால் என்ன ஆகும் என்பதற்குச் செலினியத்தைவிட நல்ல பாடம் கிடையாது. நமக்கு ஒரு நாளைக்கு வேண்டியது சில பத்து மைக்ரோகிராம். ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம். 2008-ல் அமெரிக்காவில் ஒரு சத்து டானிக்கில் தயாரிப்புப் பிழையால், லேபிளில் போட்டதைப்போல் 200 மடங்கு செலினியம் கலந்துவிட்டது. 201 பேர் பாதிக்கப்பட்டார்கள். உடம்புக்குத் தெம்பு வரட்டும் என்று குடித்தவர்களில் பெரும்பாலோருக்கு முடி கொட்டிப் போயிற்று, நகம் நிறம் மாறியது அல்லது உடையத் தொடங்கியது.

நம் நாட்டிலேயே 2024 டிசம்பர் கடைசியில் மகாராஷ்டிரத்தில் புல்தானா மாவட்டத்துக் கிராமங்களில் திடீரென்று நூற்றுக்கணக்கானோருக்குச் சில நாட்களுக்குள் தலை மொட்டையாகிவிட்டது. முதலில் தண்ணீர் என்றார்கள், ஷாம்பு என்றார்கள். பிறகு கோதுமையில் இருந்த செலினியத்தின் பக்கம் சந்தேகம் திரும்பியது. வைட்டமின் ஏ-யும் அப்படித்தான். குறைந்தால் கண் கெடும். மிஞ்சினால் முடி உதிரும், ஈரல் கெடும். முடி வளர்க்கும் மாத்திரை என்று விற்கிற அட்டைகளில் ஏ-யும் செலினியமும் இருக்கின்றனவா என்று திருப்பிப் பாருங்கள். இரண்டு மூன்று பிராண்டைச் சேர்த்து விழுங்கினால் கூட்டிப் பாருங்கள். பி.யு.சி. கணக்கு இதற்காவது பயன்படட்டும்.

பயோட்டின்: என் தவறு

இப்போது சொல்லப்போவது எனக்குக் கொஞ்சம் சங்கடமான விஷயம். ஆனால் ஒரே பெஞ்சுக்காரர்களிடம் மறைக்க என்ன இருக்கிறது?

2019-ல் ஒரு கல்லூரி மாணவி அப்பாவோடு வந்தாள். பத்தொன்பது வயது. தலையில் மூன்று இடத்தில் புழுவெட்டு. அப்பா சின்ன வியாபாரி. வட்டத்தைச் சுற்றி ஊசி போட்டேன். எழுந்திருக்கும்போது அவர், "சத்து மாத்திரை எதுவும் எழுதலீங்களே, டாக்டர்?" என்றார். ஊசி மட்டும் போட்டு அனுப்பினால் ஏதோ குறை வைத்த மாதிரி அவர் முகம். பழக்கத்தில் பயோட்டின் 10 மில்லிகிராம் எழுதினேன். புழுவெட்டுக்குப் பயோட்டினால் பயன் உண்டு என்பதற்கு உருப்படியான ஆதாரம் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதினேன். ஒரு மனிதனுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய பயோட்டின் 30, 40 மைக்ரோகிராம்தான். நான் எழுதியது அதைப்போல் சுமார் 250 மடங்கு. "தண்ணீரில் கரைகிற வைட்டமின்தானே, மிச்சம் வெளியே போய்விடும்" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக் கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து வந்தாள். புழுவெட்டுக்காரர்களுக்குத் தைராய்டு பார்ப்பது வழக்கம் என்று ரத்தம் எடுக்கச் சொன்னேன். ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். அடிமட்டத்தில், டி-4 உச்சத்தில். தைராய்டு அதிகமாக வேலை செய்கிறது என்று அர்த்தம். அப்பா நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக் கொண்டார். "தலைமுடியோட தைராய்டும் சேர்ந்துக்கிச்சா? இனிமே இவளை யாருக்குங்க கட்டிக் கொடுக்கிறது?" என்றார். அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. தரையைப் பார்த்துக் கொண்டிருந்தாள்.

தைராய்டு டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொண்டே, பழக்க தோஷத்தில் இடது கையால் அவள் நாடியைப் பிடித்தேன். 72. கை நடுக்கம் இல்லை, வியர்வை இல்லை, எடை குறையவில்லை. தைராய்டு இப்படி எகிறியவளின் நாடி இப்படி நிதானமாகவா ஓடும்? அப்போதுதான் உறைத்தது. அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017 நவம்பரில் ஓர் எச்சரிக்கை விட்டிருந்தது. சில ரத்தப் பரிசோதனைகளே பயோட்டினை ஒரு பசை மாதிரி பயன்படுத்திச் செய்யப்படுபவை. ரத்தத்தில் பயோட்டின் மிதந்தால் அந்தப் பசை வேலை குழம்பி, டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும் டி-4 பொய்யாக ஏறியும் காட்டும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கிற ட்ரோபோனின் பரிசோதனைகூட பொய்யாகக் குறைந்து காட்டலாம். அப்படிக் காட்டிய ஒரு நோயாளி இறந்துபோனதாக அந்த எச்சரிக்கையிலேயே இருந்தது. அதை நான் படித்திருந்தேன். படித்ததும் பேனாவும் வேறு வேறு கையில் இருந்திருக்கின்றன.

மாத்திரையை நிறுத்தச் சொல்லி, ஒரு வாரம் கழித்து மறுபடியும் ரத்தம் எடுத்தோம். எல்லாம் சாதாரணம். அந்த ஒரு வாரம் அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். அப்பாவிடம், "தவறு உங்க மகள் உடம்புல இல்லீங்க, என் சீட்டுல" என்று சொன்னேன். இந்தத் தொழிலில் அதைவிடக் கஷ்டமான வாக்கியம் நான் சொன்னதில்லை. அவர் கோபித்துக் கொள்ளவில்லை. "நான்தானே கேட்டு வாங்கினேன்" என்றார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அந்தப் பெண்ணுக்கு நாலு மாதத்தில் முடி முளைத்தது. முதலில் வெள்ளையாக வந்து, பிறகு கறுத்தது. ஊசியால் வந்ததா, தானாக வந்ததா? ஊசி உதவியிருக்கும் என்று நினைக்கிறேன், சத்தியம் செய்யமாட்டேன். பயோட்டினால் இல்லை. இரண்டு வருடம் கழித்துப் பின்மண்டையில் மறுபடியும் ஒரு வட்டம் வந்தது. இந்த நோயின் குணம் அப்படி, வரும், போகும். அந்தத் தடவை அவள் தனியாகவே வந்தாள். "ஊசி மட்டும் போடுங்க, டாக்டர். மாத்திரை வேண்டாம்" என்று சிரித்தாள்.

சின்ன வெங்காயம்

கைவைத்தியத்தைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்ப்பது நம் பாட்டிமார் சொன்னது. 2002-ல் ஈராக்கில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். வெங்காயச் சாறு பூசிய 23 பேரில் 20 பேருக்கு ஆறு வாரத்தில் முடி வந்தது. வெறும் தண்ணீர் பூசியவர்களில் சிலருக்கே வந்தது. பாட்டி ஜெயித்துவிட்டாள் என்று கைதட்ட வேண்டாம். சிறிய ஆய்வு; வெங்காய வாசனையை யாரிடம் மறைப்பது? எது வெங்காயம், எது தண்ணீர் என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கும். தோலில் லேசான எரிச்சலை உண்டாக்கிக் காவல்படையின் கவனத்தைத் திருப்புவது மருத்துவத்திலும் இருக்கிற ஒரு முறைதான். மென்மையாகத் தேய்த்தால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் எலுமிச்சை விதையையும் மிளகையும் அரைத்துப் போட்டு, தோல் வெந்து புண்ணாகி வந்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். புண் ஆறித் தழும்பாகிவிட்டால் அங்கே மயிர்க்காலே இருக்காது. திரும்பி வரக்கூடிய முடியை நாமே புதைப்பதாகிவிடும்.

அப்படியானால் என்னதான் செய்வது?

ஒன்று. முதலில் தோல் மருத்துவரிடம் காட்டி, புழுவெட்டுதானா என்று உறுதி செய்யுங்கள். சிறிய வட்டம் என்றால் களிம்பு, ஊசி, அல்லது சில மாதம் பொறுத்திருப்பது. மூன்றுமே மரியாதையான வைத்தியம்தான்.

இரண்டு. தலை முழுவதும் முடி போனவர்களுக்கு இன்று உண்மையான மருந்து வந்திருக்கிறது. காவல்படைக்குள் போகிற கட்டளையை இடைமறிக்கிற மாத்திரைகள். பாரிசிட்டினிப் என்ற மருந்துக்கு அமெரிக்கா 2022 ஜூனில் அனுமதி கொடுத்தது. அதன் பெரிய ஆய்வுகள் இரண்டில் ஒன்றில், கூடுதல் அளவு சாப்பிட்டவர்களில் 100-க்கு 39 பேருக்கு 36 வாரத்தில் தலையில் 80 சதவீதத்துக்கு மேல் முடி இருந்தது; வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 100-க்கு 6 பேருக்கு. எந்த வைட்டமினுக்கும் இப்படி ஒரு கணக்கு கிடையாது. ஆனால் காவல்படையை அடக்குகிற மருந்து என்பதால், தொடங்கும் முன் காசநோய் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். மருந்தை நிறுத்தினால் முடி மறுபடியும் போகலாம். ஸ்பெஷலிஸ்ட் மேற்பார்வை இல்லாமல் இதைத் தொடவே கூடாது.

மூன்று. சத்து விஷயத்தில் சந்தேகம் இருந்தால் அளந்து பார்த்துக் கொடுங்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், வைட்டமின் டி, பி-12, தைராய்டு என்று டாக்டர் தேவைப்பட்டதைச் சொல்வார். குறைந்ததை நிரப்புங்கள். நிறைந்த குடத்தில் ஊற்றாதீர்கள். ரத்தம் கொடுக்கப் போகும்போது என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்பதை, முக்கியமாகப் பயோட்டினை, சொல்லிவிடுங்கள்.

நான்கு. மாத்திரைக்குக் கொடுக்கிற காசில் பாதியைச் சாப்பாட்டுக்குக் கொடுங்கள். முட்டை, மீன், கீரை, நிலக்கடலை, எள்ளு, முளைகட்டிய பயறு. இட்லி மாவைப் புளிக்க வைப்பதால் தானியத்தில் துத்தநாகத்தையும் இரும்பையும் கட்டிப் போடுகிற பொருள் குறைகிறது. நம் ஆஸ்டல் மெஸ் இட்லியைக் கல் என்று திட்டினோமே, அந்தக் கல்லுக்குள்ளும் கொஞ்சம் ஞானம் இருந்திருக்கிறது. சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள்; இரும்பு சேராது. எலுமிச்சம்பழமோ நெல்லிக்காயோ உணவோடு இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

ஐந்து. இதுதான் முக்கியம். அந்தப் பிள்ளையிடம் எப்படிப் பேசுகிறோம் என்பது. "நீ கீரை சாப்பிடாததாலதான் வந்துச்சு", "எண்ணெய் வைக்காததாலதான் வந்துச்சு" என்று சொல்லாதீர்கள். வைட்டமின் குறைச்சல் என்கிற பேச்சில் எனக்குள்ள பெரிய வருத்தமே இதுதான். அது நோயை அந்தக் குழந்தையின் குற்றமாக்கிவிடுகிறது. அம்மா சரியாகச் சமைக்கவில்லை, பெண் சரியாகச் சாப்பிடவில்லை என்று வீட்டுக்குள் வழக்கு நடக்கிறது. அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. யாரும் செய்யவில்லை.

நம் நண்பருக்கு அன்றைக்குக் கை கழுவுகிற இடத்தில் நான் சொன்னது இவ்வளவுதான்: "ஐந்து டப்பாவையும் மூடி வை. பேத்தியை ஒரு தடவை காட்டு." காட்டினார். இரும்பு மட்டும் குறைந்திருந்தது, கொடுத்தோம். வட்டத்துக்கு ஒரு களிம்பு. பாதி இடத்தில் பூனை முடி மாதிரி முளைத்திருக்கிறது, மீதிக்குப் பொறுத்திருக்கிறோம். அவள் இன்று இந்த மண்டபத்துக்கு வந்திருக்கிறாள். எங்கே என்று தேடாதீர்கள். உங்கள் கண்ணுக்கு அவள் தெரியக்கூடாது. மற்றப் பிள்ளைகளோடு பிள்ளையாக ஓடிக் கொண்டிருக்கிறாள்.